சாமைக் கொல்லையில் தொங்கிய டிஸ்க்குகள்

2018 மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏழு ஊர் சனமும் கூடியிருந்த கருங்காலிப்பட்டுக் கோயில் திடலில், வாடகைக்கு எடுத்துவந்த பெரிய டிவியின் முன்னால், செவ்வந்தியின் டிஸ்க் ஓடவில்லை.

பிளேயர் உறுமியது, சுற்றியது, நின்றது. மறுபடி சுற்றியது. திரையில் வெறும் நீலம். செவ்வந்தி டிஸ்கை வெளியே எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டாள். அதே நீலம்.

“இன்னாடி செவ்வந்தி, அம்மன் இந்த வாட்டி நீலப் பொடவையா?” என்று கூட்டத்தின் நடுவிலிருந்து மங்கம்மாள் குரல் கொடுத்தாள். திடலே சிரித்தது. மங்கம்மாள் ஜமுனாமரத்தூர் சந்தையில் புளி விற்கிறவள். அவள் வாயில் விழுந்த பேச்சு சந்தை கலைவதற்குள் மலை முழுக்கப் போய்விடும்.

சிரிக்காதவர் நாட்டார் கோபால்சாமி ஒருவர்தான். திருவிழாவில் எது எப்படி நடக்க வேண்டும் என்று ஏழு ஊருக்கும் சொல்ல வேண்டியவர் அவர். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற திருவிழா அது. எந்த ஊர் எதற்கு முன்னால் நின்றது, எந்தக் குடையை யார் பிடித்தது என்று அடுத்த தடவை பார்த்துக்கொள்வதற்காகவே 2011இல் வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தார்கள். எடுத்தது செவ்வந்தி. கடை போட்ட புதிதில் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை.

“ஏழு வருஷம் தாங்காத சாமான ஏழு வருஷத் திருவிழாவுக்கு எப்படிம்மா குடுத்த?” என்றார் கோபால்சாமி. திட்டவில்லை, கேட்டார். அதுதான் உறைத்தது.

அந்த வருஷம் படம் எடுக்கிற வேலை ஆலங்காயத்து பார்த்திபனுக்குப் போனது. புது ஸ்டுடியோ, பறக்கும் கேமரா, கறுப்புச் சட்டை போட்ட இரண்டு உதவியாளர்கள். செவ்வந்தி வீட்டில் உட்காரவில்லை. திருவிழா அன்று தன் சின்னக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், கோயில் வாசலுக்கு எதிரே இருந்த பலாமரத்தடியில் நின்று, மேளம் நுழைவதிலிருந்து அம்மன் திரும்புவது வரை எடுத்தாள்.

“உன்ன யாரு கூப்டாங்க?” என்றான் அவள் கணவன் அன்பரசன்.

“அம்மன் கூப்டுது. போய் உன் வேலயப் பாரு.”

அவளுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த திருவிழா 2025இல். அதற்குள் நாட்டாரின் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தால் அந்த வேலை திரும்பி வரும். இல்லாவிட்டால் சாகும்வரை நீலப் பொடவை செவ்வந்திதான்.

செங்கத்தில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது வரை படித்தவள் செவ்வந்தி. அங்கேயே ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்து, முதலாளிக்குக் காய்ச்சல் வந்த ஒரு முகூர்த்த நாளில் கேமராவைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைக்கவில்லை. கல்யாணமாகி மலைக்குத் திரும்பியதும் ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்தின் பக்கத்தில் ஒரு சிறிய கடை. காதுகுத்து, கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் உண்டு. மலை ஊர்களில் அவள் கேமரா போகாத வீடு குறைவு.

டிஸ்க் விஷயத்தில் மட்டும் அவள் எல்லாரையும் போலத்தான் இருந்தாள். வாணியம்பாடியில் மொத்தமாக, விலை குறைந்த டப்பாவாகப் பார்த்து வாங்குவாள். இருப்பதிலேயே அதிக வேகத்தில் எழுதுவாள், ஏனென்றால் வாசலில் ஆள் நிற்கும். மேலே அம்மன் படம் போட்ட வட்ட ஸ்டிக்கரை ஒட்டுவாள், ஏனென்றால் அழகு. மேற்குப் பார்த்த சன்னல் ஓரத்தில் அடுக்கி வைப்பாள், ஏனென்றால் அங்கேதான் இடம். இந்த நான்கில் எந்த ஒன்றும் டிஸ்கைக் கெடுக்கப் போதும். அவள் நான்கையும் சேர்த்துச் செய்திருந்தாள்.

கோயில் திடல் கதை பரவியதும் மற்றவர்களும் தங்கள் கல்யாண டிஸ்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொன்றாகக் கடைக்குத் திரும்பி வந்தன. ஹார்ட் டிஸ்கில் மிச்சமிருந்ததை மறுபடி எழுதிக் கொடுத்தாள். இல்லாததற்குத் தலைகுனிந்து நின்றாள். செத்த டிஸ்க்குகள் ஒரு கோணிப்பை நிறையச் சேர்ந்துவிட்டன.

ஆவணியில் அன்பரசனின் கொல்லையில் சாமை கதிர் பிடித்தது. கிளிக் கூட்டமும் வந்தது. அன்பரசன் கோணிப்பையை அவிழ்த்தான். ஒவ்வொரு டிஸ்கின் நடு ஓட்டையிலும் நூல் கோத்து, கழி நட்டுக் கட்டித் தொங்கவிட்டான். காற்றடிக்கும்போது கொல்லை முழுக்கப் பளிச் பளிச்சென்று மின்னியது. கிளி அண்டவில்லை.

“தொ பாரு, உன் டிஸ்க் மொத மொதல்ல ஒரு வேல செய்யுது” என்றான்.

“சிரி, சிரி. கஞ்சி ஊத்துறது யாருன்னு ராத்திரிக்குத் தெரியும்.”

அறுப்பு முடிந்து டிஸ்க்குகளைக் கழற்றுகிறபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். பெரும்பாலானவை வெளுத்துப்போயிருந்தன. சிலவற்றில் வெள்ளிப் பூச்சே உரிந்து, கண்ணாடி மாதிரி அந்தாண்ட நிற்கிற மாடு தெரிந்தது. ஆனால் இரண்டு மட்டும் நிறம் மாறாமல் இருந்தன. அதே வெயில், அதே மழை, அதே கழி. செவ்வந்தி அந்த இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டாள். வீட்டில் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, மறுநாள் கடையில் போட்டுப் பார்த்தாள். இரண்டும் ஓடின, ஒன்று மட்டும் முதலில் கொஞ்சம் திக்கியது. ஆலங்காயத்தில் நடந்த ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலி கட்டப் போகிற நேரத்தில் தும்மினான். அந்தத் தும்மலை அவள் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். ஓடாது என்று ஒரே வீட்டிலிருந்து திரும்பி வந்த டிஸ்க்குகள் அவை. கெட்டுப்போயிருந்தது அந்த வீட்டு பிளேயர்தான், டிஸ்க் இல்லை.

அந்த இரண்டும் எந்த டப்பாவிலிருந்து வந்தவை என்று அவளுக்கு நினைவிருந்தது. வழக்கமான சரக்கு தீர்ந்துபோன ஒரு நாள், திருவண்ணாமலையில் கோகுலகிருஷ்ணன் என்பவரின் கம்ப்யூட்டர் சாமான் கடையில் வாங்கியது. ஓடிப்போய் அதே பெயர், அதே அட்டை, புது டப்பாவாக வாங்கிவந்தாள். அடுத்த வருஷம் அதையே கொல்லையில் தொங்கவிட்டாள். பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது.

சண்டை போடவே திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினாள். கோகுலகிருஷ்ணன் அவளை உட்காரவைத்து டீ சொன்னார்.

“அட்டையில இருக்கற பேரு விக்கிறவங்க பேரும்மா. செய்யிறது வேற வேற ஃபேக்டரி. இந்த வருஷம் ஒருத்தன், அடுத்த வருஷம் இன்னொருத்தன்.”

“அப்ப யாரு செஞ்சதுன்னு எப்டிங்க கண்டுபிடிக்கிறது?”

அவர் ஒரு காலி டிஸ்கை டிரைவில் போட்டு ஒரு சின்ன மென்பொருளைத் திறந்தார். செய்த ஃபேக்டரியின் குறியீடு திரையில் வந்தது. எல்லா டிஸ்கின் உள்ளேயும் அது உண்டு. அட்டை பொய் சொன்னாலும் பெரும்பாலும் அது சொல்லாது. “இன்னொண்ணு. சாதா டிஸ்குல எழுதுறது சாயத்து மேல. சாயம் வெளுக்கும். சாயமே இல்லாம, உலோகம் மாதிரி கெட்டிப் பூச்சு மேல எழுதுற டிஸ்க்கும் கீது. வெல சாஸ்தி. அதுக்குத் தோதான ரைட்டரும் வேணும். கடையில இல்ல, வரவழைக்கணும். வேணுமா?”

“ரைட்டரோட ரெண்டு டிஸ்க் வரவைங்க. ஒண்ணு தொங்கவிடறதுக்கு.”

“தொங்கவா?” என்றார் கோகுலகிருஷ்ணன். அவள் கொல்லைக் கதையைச் சொல்லிக் கேட்ட பிறகு, சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து எந்தப் புது டப்பா வந்தாலும் இரண்டு டிஸ்கை எடுத்து அவளுக்கு ஒதுக்கிவைத்தார்.

இப்படித்தான் அன்பரசனின் சாமைக் கொல்லை பரிசோதனைச் சாலை ஆனது. ஒவ்வொரு வகையிலும் இரண்டு. இரண்டிலும் ஒரே படத்தை எழுதுவாள். ஒன்று கழியில், ஒன்று இருட்டில். அறுப்பு முடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து முழுக்க ஓட்டிப் பார்ப்பாள். அழித்து அழித்து எழுதுகிற வகை முதல் வருஷமே போனது. ஸ்டிக்கர் ஒட்டியது வளைந்தது. அதிவேகத்தில் எழுதியது நிதானமாக எழுதியதைவிட முன்னால் திக்கியது. சாயமில்லாத டிஸ்க் மட்டும் வருஷா வருஷம் கழியிலிருந்து இறங்கி, குளித்து, பாடியது.

“உங்க கொல்லையில மட்டும்தாண்டி கிளிக்கே படம் ஓட்டுறீங்க” என்றாள் மங்கம்மாள்.

வைக்கிற இடமும் மாறியது. மார்கழியில் மலையில் பனி இறங்கினால் பீரோவுக்குள் துணியே பூஞ்சணம் பிடிக்கும். சாமை மட்டும் குதிருக்குள் அடுத்த அறுப்பு வரை கெடாது. தானியம் கெடாத இடத்தில் டிஸ்க்கும் கெடாது என்று செவ்வந்திக்குத் தோன்றியது. இறுக மூடுகிற எவர்சில்வர் தூக்கில் டிஸ்கை நிற்கவைத்து, குதிருக்குள் சாமை நடுவில் புதைத்தாள். இன்னொரு பிரதி செங்கத்தில் நாத்தனார் வீட்டுப் பீரோவில். 2018 திருவிழாவும் சாயமில்லாத டிஸ்கில் ஏறி, அப்படித்தான் இரண்டாகிப் பிரிந்து போயிருந்தது.

2025 மாசி பிறந்தது. திருவிழாவுக்கு முன்கூட்டம் அதே திடலில், இந்தத் தடவையும் ஒரு வாடகை டிவியோடு. தகராறு அதே நாளில் தொடங்கியது.

கோயிலுக்குள் முதலில் நுழைவது கருங்காலிப்பட்டு மேளமா ஆத்திமரத்தூர் மேளமா என்பது தடவைக்குத் தடவை மாறும். போன தடவை முதலில் நுழைந்த ஊர் இந்தத் தடவை பின்னால் நிற்க வேண்டும். 2018இல் மழை வந்து கருங்காலிப்பட்டு மேளமும் ஆத்திமரத்தூர் மேளமும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடிவந்ததால், யார் முதலில் நுழைந்தது என்று யாருக்கும் நிச்சயமில்லை.

“நீங்கதான் மொதல்ல பூந்தீங்க” என்றார் ஆத்திமரத்தூர் பஞ்சாட்சரம்.

“யாரு பார்த்தது?” என்றார்கள் கருங்காலிப்பட்டுக்காரர்கள்.

“பார்த்திபன் படம் எடுத்தானே, அதப் போடு!”

பார்த்திபன் எழுந்து நின்றான். ஹார்ட் டிஸ்க் மலைப்பாதையில் வண்டியிலிருந்து விழுந்துவிட்டதாம். கோயிலுக்குக் கொடுத்த பென் டிரைவைப் போட்டால், ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டது. பஞ்சாட்சரம் துண்டை உதறினார். “படம் இல்லன்னா எங்க மேளமும் இல்ல. நாங்க வரல.” ஒரு ஊர் வராவிட்டால் திருவிழா நடக்காது.

செவ்வந்தி எழுந்தாள். அன்பரசன் அவள் கையைப் பிடித்தான். அவன் கருங்காலிப்பட்டுக்காரன். படத்தில் இருப்பது என்ன என்று அவனுக்குத் தெரியும்.

“நம்ம ஊருக்கு எதிரா காட்டப் போறியா?” என்றான் மெல்ல.

“ஊருக்கு எதிரா இல்ல. நீலத்துக்கு எதிரா” என்று கையை விடுவித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய் அவள் தூக்கோடு திரும்பியபோது, புடவையில் சாமை ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்திபன் தன் புது லேப்டாப்பை நீட்டினான். திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். டிஸ்க் போடுகிற இடமே இல்லை.

“இன்னாப்பா, வாயில்லாத பொட்டி வாங்கிருக்க?” என்றாள் மங்கம்மாள்.

செவ்வந்தி துண்டில் சுற்றிவைத்திருந்த டிரைவை எடுத்தாள். டிஸ்கை மட்டும் காப்பாற்றி, படிக்கிற பெட்டியை விட்டுவிட்டால் என்ன பயன்? அவளிடம் இரண்டு டிரைவ் இருந்தன. ஒயரைச் சொருகி, டிஸ்கை ஓரம் பிடித்து வைத்து, மூடினாள். சுற்றியது. டிவியில் நீலம்.

“அய்யோ” என்றது யாரோ.

அடுத்த நொடி நீலம் கலைந்து மழை பெய்தது. 2018 மழை. பலாமர இலை ஒரு மூலையில் ஆட, நடுவில் கோயில் வாசல். இடமிருந்து கருங்காலிப்பட்டு மேளம், வலமிருந்து ஆத்திமரத்தூர் மேளம். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் இடப்பக்க மேளக்காரரின் இடுப்பைப் பிடித்து, ஒரே தள்ளாகத் தள்ளி வாசலுக்குள் விட்டுவிட்டு, தானும் வேட்டி தடுக்கி அவிழ, உள்ளே விழுந்தார். விழுந்தவர் எழுந்து கேமரா பக்கம் திரும்பினார்.

நாட்டார் கோபால்சாமி.

திடல் வெடித்தது. பஞ்சாட்சரம் எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டார். “போடு! இன்னொரு வாட்டி போடு!” என்று ஏழு ஊரும் கத்தியது. செவ்வந்தி போட்டாள். நாட்டார் மறுபடி விழுந்தார். மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை கோபால்சாமியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“கருங்காலிப்பட்டுதான் மொதல்ல பூந்துச்சு, ஒத்துக்கிறேன். தள்ளுனது நானுன்னு எனக்கே மறந்துபோச்சு” என்றார். பிறகு குரலை ஏற்றினார். “ஆத்திமரத்தூர் மேளம் இந்த வாட்டி முன்னால. படம் எடுக்கறது செவ்வந்தி. எவனாச்சும் மாத்திப் பேசறீங்களா?”

மங்கம்மாள் எழுந்து, “டிஸ்க் தாங்கிச்சு, நாட்டாரு வேட்டிதான் தாங்கல!” என்றாள். இந்த வார்த்தையும் சந்தை கலைவதற்குள் மலை முழுக்கப் போகும். செவ்வந்திக்கு அது போதும்.

கூட்டம் கலைந்தபோது பார்த்திபன் வந்து நின்றான். “அக்கா, எந்த டிஸ்க்குக்கா அது?”

“சொல்றேன். பறக்குற கேமராவ எடுத்துக்கினு நீயும் வா. ரெண்டாவது கேமரா நீ.”

“அப்ப டிஸ்க்?”

“திருவிழா முடிஞ்சதும் திருவண்ணாமலைக்குப் போலாம். வர்ற வழியில நூலு வாங்கணும்.”

வெள்ளிக்கிழமை காலை ஆத்திமரத்தூர் மேளம் முதலில் நுழைகிறது. பலாமரத்தடியில் செவ்வந்தியின் கேமரா நிற்கும். எழுதும் இரண்டு டிஸ்கில் ஒன்று குதிருக்குப் போகும். மற்றது திங்கட்கிழமை செங்கம் பஸ்ஸில் நாத்தனார் வீட்டுக்குப் போகும்.