பெருங்களத்தூர் பஸ்ஸில் கேட்ட மாத்திரைச் சத்தம்

கலகலவென்று ஒரு சத்தம்... பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மாத்திரைகள் உருளும் சத்தம். இன்றைக்கும் எந்த மெடிக்கல் ஷாப்பில் அதைக் கேட்டாலும் எனக்கு என் முதல் வேலைதான் ஞாபகம் வரும்.

தாம்பரத்தில் ஒரு ஹெச்.ஐ.வி. சிகிச்சை மையம். மாதாமாதம் மாத்திரை வாங்க வேண்டியவர்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று ஓர் ஆய்வு. ஆளுக்கு ஒரு படிவம் வைத்துக் கேள்வி கேட்டு டிக் அடிப்பது என் வேலை. பெரிய ஆராய்ச்சியாளர் என்று நினைப்பு வேறு.

பெருங்களத்தூரிலிருந்து ஓர் அக்கா வருவார். பேர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஒரு மாதம் வருவார், அடுத்த மாதம் காணாமல் போவார். ஆள் இளைத்துக்கொண்டே போனார். ஏன் வரவில்லை என்று கேட்டால், "தூரம்மா" என்பார். நானும் ‘தூரம்’ கட்டத்தில் டிக் அடித்துவிடுவேன். பஸ் ஏறினால் அடுத்த ஊர்... அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு எதிர் சீட்டில் அவர். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் மடியிலிருந்த பையில் கலகல... பக்கத்து சீட் பெண்மணி திரும்பிப் பார்த்தார். அக்கா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வருகிறவர்களை வெளியில் பார்த்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த முறை வந்தவர் தானாகவே பேசினார்.

"அன்னிக்கு யாரோ மாதிரி உக்காந்துகினு வந்தியேம்மா, அதான் உன்கிட்ட சொல்றேன். தூரம்லாம் ஒண்ணும் இல்ல. அந்த டப்பா சத்தம்தான். வூட்ல தெரிஞ்சா அவ்ளோதான். எத்தினியோ வாட்டி பஸ் ஸ்டாப்லயே தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கேன்."

என் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. ஓரத்தில் எழுதினேன். டாக்டர் சார் படித்துவிட்டு, "இத எல்லார்கிட்டயும் கேளும்மா" என்றார். கேட்டோம்... ஆளாளுக்கு அதே டப்பா கதை.

அப்புறம்தான் டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, சாதாரணத் துணிப்பையில் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தோம். அக்கா அதன் பிறகு ஒரு மாதம்கூட விடவில்லை. நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அது. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இப்போது எல்லாம் போனிலேயே டிக். படிவம் தயாரிப்பதும் நான்தான். எதில் கை வைத்தாலும், அவர்கள் சொல்வதை அப்படியே எழுத ஒரு காலி இடம் விடாமல் இருக்க மாட்டேன்.

போன வாரம் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் அந்த அக்கா. தலை நரைத்து, உடம்பு நன்றாகத் தேறி, ஒரு கையில் பேத்தி, தோளில் பை. சத்தமே இல்லை. என்னைப் பார்த்து ஒரு நொடி நின்றார்... அப்புறம் யாரோ மாதிரி தாண்டிப் போய்விட்டார்.

ஒருவர் என்னைக் கண்டுகொள்ளாமல் போனதற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.