நிலையைத் தாண்டாத அலுமாரி

கனடாவுக்குப் போன மனிதன் குளிரைப் பற்றிப் பேசுவான், வேலையைப் பற்றிப் பேசுவான் என்றுதான் நினைத்திருந்தேன். என் கணவர் போனில் பேசியதெல்லாம் எங்கள் வீட்டுக் கட்டில், சாப்பாட்டு மேசை, சாய்ந்து உட்காரும் செட்டி, அலுமாரி ஆகியவற்றைப் பற்றித்தான். எனக்கும் பிள்ளைகளுக்கும் விசா வந்ததும் அந்தப் பேச்சு இன்னும் முற்றிவிட்டது.

"இங்க கடையில விக்கிறதெல்லாம் மரத்தூள அமுக்கி ஒட்டின பலகை. ரெண்டு தடவ நகத்தினா காலு கழண்டுரும். நம்மளது தேக்கு. பேசாம கப்பல்ல அனுப்பிரு."

அனுப்பிரு என்று சொல்வது அவருக்குச் சுலபம். கொழும்புக் கப்பல் ஏஜென்டோடு மல்லுக்கட்டியது நான். இடைவேளையில் நான் படிப்பிக்கும் பாடசாலை மதிலோரம் நின்று, என்னுடைய அரைகுறைச் சிங்களத்தில் அலுமாரியின் உயரம் அகலத்தைச் சொல்வேன். அடுத்த நாள் அதே ஆள் அதையே திரும்பக் கேட்பார். மரத்துக்கு மருந்துப் புகை அடிக்க வேண்டும் என்பார், கன்டெய்னரில் பாதி இடம்தான் இருக்கிறது என்பார். லயத்துக்கு லொறி வருமா என்றார் ஒருநாள். அக்கரப்பத்தனைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மழை நாளில் த்ரீவீலரே வராது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இங்கே விற்றுவிட்டு அங்கே எதையாவது வாங்கிக்கொள்ளலாம் என்றால் அவர் காது கொடுத்துக் கேட்கவில்லை.

அம்மாவாவது என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தேன். நாங்கள் இருந்தது தோட்டம் அம்மாவுக்குக் கொடுத்த லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில். அந்தத் தோட்டத்திலேயே கொழுந்து பறித்து, அங்கேயே ஓய்வு பெற்றவள் அவள். அப்பா இறந்த பிறகு நாங்கள் அவளோடு தங்கிவிட்டோம். எங்களோடு வர அவளுக்கு விசாவும் இல்லை, விருப்பமும் இல்லை.

"கொண்டு போயிருங்க. இந்தக் கட்டில்ல இடிச்சு இடிச்சு என் முட்டியெல்லாம் கன்னிப்போச்சு. நா ஒருத்தி காலு நீட்ட எனக்கு எதுக்கு இம்புட்டுச் சாமான்?"

இருவரும் ஒரே பக்கம். நான் தோற்றுப்போய், அலுமாரியைச் செய்த தச்சு பாஸை ஹட்டனிலிருந்து வரவழைத்தேன். அவர் வாசல் நிலையையும் அலுமாரியையும் மாறி மாறிப் பார்த்தார். செய்த நாளில் பலகைகளாகக் கொண்டுவந்து காம்பராவுக்குள்ளேயே வைத்துப் பொருத்திய அலுமாரி அது.

"பிரிச்சா பொருத்து விட்டுரும் டீச்சர். நிலையக் கழட்டித்தான் வெளிய எடுக்கணும்."

தோட்டத்தில் ஒரு கூரைத் தகரம் மாற்றுவதென்றாலும் ஆபீசில் கேட்க வேண்டும். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். பட்டம் வாங்கினாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. லீவு போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு போய், அலுமாரியை வெளியே எடுக்க நிலையைக் கழற்றித் திரும்பப் பூட்ட அனுமதி கேட்டேன். தோட்டத்தில் பிறக்காத எவரும் இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் பின்னேரம், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவே வந்துவிட்டார். வாசலில் நின்று உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சாமானெல்லாம் போகுதா டீச்சர்?"

"ஆமாங்க ஐயா. கனடாவுக்கு."

"அப்ப காம்பரா காலியாகுது."

அவருக்காகத் தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு அம்மா அவர் முன்னால்தான் நின்றிருந்தாள்.

"அம்மா இருக்காங்களே ஐயா" என்றேன்.

"அவங்க இப்ப வேலையில இல்லையேம்மா. காம்பரா வேலையாளுக்குத்தான். நீங்க குடும்பமா இருந்தீங்க, நாங்களும் கண்டுக்கல. சாமான ஏத்திட்டீங்கன்னா தொரை கேப்பாரு. நா என்னத்தச் சொல்றது?"

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போனார். விளக்கு வைக்கும் நேரத்தில் பக்கத்துக் காம்பரா அக்கா வந்தாள்.

"போறதுன்னா மொதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர்? மவனுக்குக் கல்யாணமாகியும் மருமவ குசினியிலதான் படுக்குது. ஆபீசுல எழுதிக் குடுத்துருக்கோம்."

"எங்கம்மா எங்க போவும்க்கா?"

"ஒரு மூலையில இருக்கட்டும். நாங்க பாத்துக்க மாட்டமா?"

அவள் பொய் சொல்லவில்லை. அம்மா காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள்தான். அவளுடைய மருமகள் குசினியில் அடுப்போரம் படுப்பதும் உண்மைதான். அதனால் அவள்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியாமல், வந்த கோபத்தை வைக்க இடம் தெரியாமல் பாத்திரங்களை நங் நங்கென்று கழுவினேன்.

கணவருக்கு போன் போட்டேன். ஒரு சாமானும் வராது என்றேன். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு மெதுவாக, "அலுமாரிய மட்டுமாவது?" என்றார்.

"வாசல்ல நின்னா மொதல்ல தெரியிறதே அதுதாங்க!" என்று கத்தினேன். பக்கத்துக் காம்பராவில் பேச்சு நின்றது.

அடுத்த நாள் ஆபீசுக்குப் போய், சாமான் போகாது, வருஷா வருஷம் லீவுக்கு வருவோம் என்றேன். வருஷா வருஷம் டிக்கட் எடுக்க எங்களால் ஆகாது. கண்டாக்கையாவுக்கும் அது தெரியும். "அப்படின்னா சரி, சாமான் இருக்கட்டும்" என்றார். இவ்வளவு காலம் அந்த மலையில் கூடை சுமந்தவள் இருக்கிறாள் என்றபோது சரி என்று சொல்லாத வாய் அது. நன்றிங்க ஐயா என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

புறப்படுகிற வாரம் அம்மா கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள். நான் விட்டுப்போகிற சேலைகளை அலுமாரியில் மடித்து வைத்தாள். என் கணவருடைய பழைய சட்டை ஒன்றைத் தேடி எடுத்து, வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற ஆணியில் மாட்டினாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மேசைக்கும் செட்டிக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் பாயை விரித்து ஒருக்களித்துப் படுத்தாள்.

"கட்டில்ல படும்மா. இனிமே அது ஒனக்குத்தானே?"

"வேணாம், விரிப்புக் கசங்கிரும்" என்றாள். "யாரு எட்டிப் பாத்தாலும் டீச்சர் வீடா இருக்கணும்ல. என் வீடுன்னா எடுத்துக்கிருவாங்க."