அந்த ஆறு மாதம் கட்டாயமா?

போன வாரம், ஓசூர் கோர்ட் வராந்தா. என் கட்சிக்காரர் ராஜேந்திரன் மெல்லப் பக்கத்தில் வந்து நின்றார்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் தக்காளி, கோஸ் போடுகிற விவசாயி. மனைவி கவிதா விருதுநகர்க்காரர். ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் வேலை. அடிதடி, சந்தேகம் எதுவும் இல்லை. ராத்திரியெல்லாம் ராஜேந்திரன், யானை புகாமல் காவல் காக்கத் தோட்டத்தில். விடிந்து வீடு திரும்பினால், கவிதா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். பேசிக்கொள்ளவே நேரமில்லாமல் எத்தனை நாள் தம்பதியாக இருக்க முடியும்? பிரிந்து இரண்டு வருடமாகிறது.

பரஸ்பர சம்மத விவாகரத்து. மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது சட்டம் – மனசு மாறினால் மாறட்டுமே என்று. கவிதாவுக்கோ புனேயில் புது வேலை கிடைத்துவிட்டது. அதனால் அந்த ஆறு மாதம் வேண்டாம் என்று இருவர் பெயரிலும் மனு போட்டிருந்தேன்.

"சார், அந்த ஆறு மாசம்... கட்டாயமுங்களா?"

அவசரப்படுகிறார் என்று நினைத்தேன். உற்சாகமாகவே பதில் சொன்னேன். "கவலைப்படாதீங்க. சட்டத்துல இருக்கிற எல்லா கெடுவும் கட்டாயம் இல்ல. சிலது வழிகாட்டுறதுக்கு மட்டும்தான். இது அந்த ரகம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. சேர வழியில்லன்னு தெரிஞ்சா ஜட்ஜ் இன்னைக்கே முடிச்சிடலாம்."

அவர் முகம் வாடிவிட்டது.

"கட்டாயமா இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன் சார்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "வேண்டாம்னா சொல்லுங்க, அந்த ஆறு மாச மனுவை மட்டும் வாபஸ் வாங்கிடலாம்" என்றேன்.

தூரத்தில் நின்றிருந்த கவிதாவையே பார்த்தார். "வேணாம் சார். அது நல்லா இருக்கட்டும். நான் நிறுத்தக்கூடாது. கோர்ட்டே நிறுத்தியிருந்தா..."

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். நீதிபதி கேட்டதும் கவிதா, "சம்மதம்" என்றார். ராஜேந்திரன் அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "சம்மதமுங்க."

முடிந்தது!

வெளியே வந்ததும் கவிதா அவரிடம் கேட்டார். "சாப்ட்டீங்களா?"

"இல்ல. நீ?"

"நானும் இல்ல."

இரண்டு பேரும் எதிரே இருந்த மெஸ்ஸுக்குப் போனார்கள். நான் காரை எடுக்கும்போதும் உள்ளே பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கல்யாணமான காலத்தில் கிடைக்காத நேரம்!

நேற்று ராஜேந்திரன் போன் செய்தார். தீர்ப்பு நகல் எப்போது கிடைக்கும் என்று விசாரித்தார். வைக்கும் முன் தயங்கினார்.

"வீட்ல வேற பொண்ணு பாக்கலாங்கறாங்க சார். ஆறு மாசம் போவட்டும்னு சொல்லிட்டேன்."

காத்திருக்கத் தேவையில்லை என்று கோர்ட் சொல்லலாம்... காத்திருக்கவே கூடாது என்று சொல்ல முடியுமா என்ன?