சுண்டுவிரல் வாசித்த வரி

என் அக்காவின் கணவர் வெல்டர். நாற்பது வருஷமாகத் தினமும் காலையில் வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசித்தவர். வாசித்தவர் என்றா சொன்னேன்? ஓட்டமும் நடையுமாக முடித்துவிட்டு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். "அத்தான், உங்க வேகத்துக்குக் கடவுளுக்கே மூச்சு வாங்கும்" என்று கிண்டல் செய்வேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

பட்டறையில் சிலிண்டர் வெடித்து அவருடைய இரண்டு கண்களும் போயின. அக்கா தையல் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். கிளம்பும் முன் அவருக்கு ஓர் அதிகாரம் வாசித்துக் காட்டுவாள். ஒரு நாள் அவர் தடுத்தார்.

"நீ நல்லாத்தான் வாசிக்கிற. ஆனா நானே வாசிக்கணும். அது இல்லாம இந்த இருட்டுல என்னால இருக்க முடியாது."

பார்வையற்றோர் பள்ளி டீச்சர் வீட்டுக்கே வந்து, ஆணி பதித்த பலகையில் பிரெய்லி எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தார். அதில் அத்தான் கெட்டிக்காரர். பிறகு பிரெய்லி வேதத்தின் ஒரு பகுதி வந்தது, தலையணை கனத்தில். அத்தான் கட்டைவிரலை வைத்து, பற்றவைத்த இணைப்பைச் சோதிப்பது போல அழுத்தித் தேய்த்தார். பழக்கதோஷம்.

"ஐயோ சார், புள்ளியெல்லாம் அமுங்கிடுச்சு!" என்று டீச்சர் பதறினார்.

ஒரு பக்கமே வழவழப்பாகிவிட்டது. "வேதத்தையே தேய்ச்சு அழிச்சுட்டேனே" என்று வாய்விட்டு அழுதார். மெதுவாகத் தொட்டாலோ ஒன்றும் தெரியவில்லை. விரல்கள் அவ்வளவு காய்த்துப்போயிருந்தன.

அக்கா தினமும் அவர் கையை வெந்நீரில் ஊறவைத்து எண்ணெய் தேய்த்தாள். "கரைப்பார் கரைச்சா கல்லும் கரையும்" என்பாள். கல் கரைந்திருக்கும், அத்தான் கை கரையவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. கண்ணைப் பறித்தது போதாதா, விரலையுமா?

ஒரு மதியம் நான் போனபோது புத்தகம் அவர் மடியில் இருந்தது. இடது கைச் சுண்டுவிரல் மட்டும் தாளில் ஊர்ந்துகொண்டிருந்தது. பட்டறையில் ஒரு வேலைக்கும் உதவாமல், காய்ப்பே ஏறாமல் தப்பித்த விரல். உதடுகள் எழுத்தெழுத்தாக முணுமுணுத்தன. ஒரு வரிக்கு அரைமணி நேரம் ஆயிற்று. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"அத்தான், என்ன ஆச்சு?"

"தெரிஞ்ச வரிதான்டா. நாப்பது வருஷமா வாசிச்சிருக்கேன். இன்னைக்குத்தான் அது என்கிட்ட பேசுது. பயமா இருக்கு."

செக்கச்செவேல் என்று காய்ந்த இரும்புக்குப் பயப்படாத மனிதர். கொஞ்ச நேரம் கழித்து, துண்டில் கையை நன்றாகத் துடைத்துவிட்டு, அடுத்த வரியில் அந்தச் சின்ன விரலை மெல்ல வைத்தார்.

அவர் அசந்து தூங்கியதும் நானும் என் சுண்டுவிரலை அந்த வரியில் ஓட்டிப் பார்த்தேன். வெறும் புள்ளிகள் தட்டுப்பட்டன. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.