முழ நீளக் கம்பி

சுவிஸில், லுசேர்ணுக்குப் பக்கத்தில் வாகனப் பரிசோதனைக்கு என் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோனபோது, அதைப் பார்க்க வந்தவர் ஒரு தமிழர். முப்பது வயது இருக்கும். கையிலிருந்த முழ நீளக் கம்பியால் தொடையில் தட்டிக்கொண்டே நடந்து வந்தார். நம்முடைய ஆள், வேலை சுகமாக முடியும் என்று நினைத்தேன்.

சத்தம் கனமாக வரவேண்டும் என்று, கம்பனியிலிருந்து வந்த சைலன்சரை வெட்டி, உள்ளே இருந்த தடுப்புக்களை எடுத்துவிட்டு, தடம் தெரியாமல் திரும்ப வெல்ட் பண்ணியிருந்தேன். இரண்டு சனிக்கிழமைகள் அதிலேயே போயின.

அவர் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். வண்டியின் சீற்றில் ஒரு கையை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு நிறுத்தச் சொல்லிவிட்டுக் கம்பியைச் சைலன்சருக்குள் விட்டார். அது எங்கேயும் முட்டாமல் முழுதாக உள்ளே போனது.

“உள்ளுக்கு ஒண்டுமில்லை, அண்ணை.”

“வெளியிலை பாத்தாத் தெரியாதுதானே, தம்பி? ஒருக்கா விடுங்கோவன்.”

“அதுக்குத்தானே இந்தக் கம்பி. ஒறிஜினல் சைலன்சரைப் பூட்டிக்கொண்டு வாங்கோ.”

வெட்டியதே ஒறிஜினல்தான் என்று அவருக்கும் தெரியும். நிராகரித்த கடதாசியைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, எரிச்சலோடு வாசல்வரை வண்டியைத் தள்ளினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மனம் மாறிவிட்டாரோ என்று திரும்பினேன்.

“அண்ணை, கழட்டமுதல் இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கோ. கேக்கவேணும் போல கிடக்கு.”

பழையபடி சீற்றில் கையை வைத்துக் கண்ணை மூடினார். மற்றக் கையிலிருந்த கம்பி அசையவில்லை. நான் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போயிருக்க வேண்டும். ஏனோ, அக்சிலேற்றரை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.