புறாக் கழுத்து நிறத்தில் ஒரு கல்

மர அறுவை ஆலையில் ரம்பங்களுக்குச் சாணை பிடிப்பவர் அவர். அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு விருப்பமில்லை. என்ன வேலை என்று யாராவது கேட்டால், கற்களை ஆராய்வதாகச் சொல்வார். ஆராய்ச்சி என்பது ஞாயிற்றுக்கிழமை தொப்பியும் சுத்தியலுமாகக் கிளம்பி, தன்னைப் போலவே வேறு வேலையில்லாத நாலு பேரோடு கைவிட்ட குவாரிகளில் குனிந்து நடப்பது. ஆலையில் அவருக்கு நிபுணர் என்று பெயர். அது கேலி என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் இருந்ததே இரண்டு அறை. அதில் பின்னறையை அவருடைய கற்கள் பிடித்துக்கொண்டன. பழப்பெட்டிகள் கூரைவரை ஏறிவிட்டதில், அங்கே ஒரு ஜன்னல் இருப்பதே மறந்துபோயிற்று. மருமகனுக்கு வெளியூரில் வேலை என்பதால் மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கப்போகிறாள். அறையைக் காலி செய்து தரும்படி மனைவி நயமாகவும் கேட்டுப் பார்த்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் கேட்டுப் பார்த்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே அவர் நாளைக் கடத்தினார்.

அந்த நேரம் பார்த்து அந்தக் கல் கிடைத்துத் தொலைத்தது. ரயில் பாதையோரத்துச் சரளையில் கிடந்ததாம். கைக்குள் அடங்கும் கரிய உடம்பு, அதன்மேல் தட்டுத்தட்டாகப் படிகங்கள். திருப்பினால் பச்சை, இன்னும் திருப்பினால் ஊதா, புறாவின் கழுத்தேதான். அழகாக இருந்தது என்பதை மனைவியும் மறுக்கவில்லை. அழகோடு விட்டிருக்கலாம். அவர் அதற்குப் பெயர் கண்டுபிடிக்கப் புறப்பட்டார்.

எவ்வளவு கடினம் என்று பார்க்க, முதலில் அந்தக் கல்லால் ஜன்னல் கண்ணாடியில் கோடு போட்டார். பிறகு படிகக்கல்லில், பிறகு கூட்டாளி ஒருவரிடம் இரவல் வாங்கிய புஷ்பராகத்தில். எல்லாவற்றிலும் கோடு விழுந்தது. உலகம் இதுவரை பார்க்காத கனிமம் என்று முடிவு கட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நாளைக்கு நாலு பெரிய மனுஷங்க பார்க்க வருவாங்க. இப்பப் போய் ரூமைக் காலி பண்ணுங்கறியே," என்றார்.

பாத்திரம் கழுவுவதற்காக அவள் கழற்றி வைத்திருந்த மோதிரம் அடுத்த பலி. அம்மா கொடுத்தது, நீலக்கல் பதித்தது. ஈரக் கையோடு அவள் திரும்பியபோது, முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"பாத்தியா? உன் நீலத்துலயே கோடு விழுந்துடுச்சு."

அவள் கத்தவில்லை. மோதிரத்தையும் கல்லையும் ஒரே கைக்குட்டையில் முடிந்துகொண்டு, கல் பரிசோதிக்கும் கடைக்குக் கிளம்பினாள். இஸ்திரி போட்ட சட்டையில் அவரும் கூடவே வந்தார்.

கடையிலிருந்த பெண் மோதிரத்தைத்தான் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். மெருகு போட்டால் கோடு போய்விடும் என்றாள். மற்றதற்கு அவள் லென்ஸை எடுக்கவேயில்லை.

"இது பூமியில விளைஞ்சது இல்லைங்க. மணலையும் கரியையும் ஃபேக்டரி உலையில போட்டுக் காய்ச்சி எடுக்கறது. இதைப் பொடியாக்கித்தான் சாணைச் சக்கரம் செய்வாங்க. இந்தக் கலரெல்லாம் மேல படிஞ்ச மெல்லிசான படலம்."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஆயுசில் பாதியை அந்தச் சக்கரத்தின் முன்னால் நின்றே கழித்த மனிதர். அதன் தூளை இருமி இருமித் துப்பிய கைக்குட்டைகளை எல்லாம் துவைத்தவள் அவள்.

"ஆனாலும் ரொம்ப அபூர்வமான பீஸ்தானே?" என்றார் அவர்.

"லாரி லாரியா வரும் சார்," என்றாள் அந்தப் பெண். பாவம், ஆறுதலாகத்தான் சொன்னாள்.

திரும்பும்போது, பஸ் ஏறியதும், அந்தப் பெண்ணுக்கு அனுபவம் போதாது என்றார். பாதி வழியில், தனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். இறங்குவதற்குள், உலையில் செய்த கல்லையும் இயற்கைக் கல்லையும் பிரித்தறிவது எப்படி என்று பக்கத்து சீட்டுக்காரருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"கல்லை நீங்க என்னன்னு வேணா சொல்லிக்குங்க," என்றாள் அவள், வீட்டுக் கதவைத் திறந்தபடி. "ரூம் எனக்கு நாளைக்கே வேணும்."

மறுநாள் அவரே பெட்டிகளைத் தூக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் இருந்தது. அதைச் சொல்லாமல் அவரால் எதையும் கீழே வைக்க முடியவில்லை. ஒரு பெட்டியை மார்போடு அணைத்தபடி, எந்த மலையில் எந்த வெயிலில் கிடைத்தது என்று வாசற்படியிலேயே நின்று ஆரம்பித்தார். அவளும் மாடிவீட்டுக்காரியும் ஆளுக்கொரு பக்கம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் அவள். "கட்டில் உள்ள வரணும்."