கடைசிக் காம்பராவின் மெத்து மண்

நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசிக் காம்பராவுக்காக நான் போட்ட சண்டை எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகி வந்த புதிது. மலையை வெட்டித்தான் லயத்தைக் கட்டியிருந்தார்கள். பின்னால் இருந்த மேட்டில், அவரவர் காம்பராவுக்கு நேராக மரக்கறி போட்டுக்கொள்ளலாம். எங்கள் பக்கம் வெறும் சரளை. மண்வெட்டி போட்டால் கைதான் வலிக்கும், கீரைகூட முளைக்காது. பக்கத்திலிருந்த கடைசிக் காம்பராவுக்கு நேராக மட்டும் மெத்தென்று கறுத்த மண். கையை விட்டால் முழங்கை வரை இறங்கும். அங்கே முட்டைக்கோவாவும் கேரட்டும் கொழித்தன.

அந்தக் காம்பரா காலியானதும் கணக்கப்பிள்ளையிடம் முதலில் கேட்டவள் நான்தான். அவரோ என்னைப் போலவே புதிதாக வந்த இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அவளோடு பேச்சை நிறுத்தினேன். முதல் கோவாவை அறுத்து, "எடுத்துக்கங்கக்கா" என்று என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அதை மாட்டுக்குப் போட்டேன். அப்படி ஒரு வீம்பு எனக்கு.

ஆனி மாதத்தில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவள் புருஷன், "அவளுக்குக் காய்ச்சலுங்க, வேலைக்கு வரல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மேல்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது கல் வண்டி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால் லயத்தின் ஒரு நுனியைக் காணவில்லை.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். எங்கள் காம்பரா அப்படியே நின்றது. வாசல் இஸ்தோப்புக் கொடியில் போட்டிருந்த சேலைகூட விழவில்லை. பின்னால் சரளை மேட்டில் ஒரு கல் நகரவில்லை. அதே மலை, அதே மழை. சரளையில் தண்ணீர் வழிந்து ஓடிவிட்டது. மெத்து மண் அவ்வளவையும் குடித்துக் கனத்து, அடியிலிருந்த பாறையை விட்டு வழுக்கி வந்திருந்தது. அவள் வீட்டுக்குள் கோவாச் செடிகள் வரிசை கலையாமல் நின்றன. நாங்கள் அத்தனை பேரும் ஆசைப்பட்ட மண் அது.

அவள் புருஷன் வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஒங்க காம்பராவுக்கு வந்து படுத்திருப்பாளாக்கா?" என்று கேட்டார். நாங்கள் பேசிக்கொள்ளாததுகூட அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை. என் கதவில் பூட்டுத் தொங்கியது.

மத்தியானம் அவளை எடுத்தார்கள். உயிர் இல்லை. சில நாளில் அவர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மண்ணை அள்ளி, சுவரை எழுப்பி, தகரமும் போட்டார்கள். கணக்கப்பிள்ளை எங்கள் வாசலுக்கு வந்தார்.

"காம்பரா சரியாயிருச்சு. நீதானேம்மா மொதல்ல கேட்ட? எப்ப மாறிக்கிறீங்க?"

மேட்டில் இன்னும் பாதி மெத்து மண் மிச்சமிருந்தது. என் புருஷன் அதை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"நாளைக்கே மாறிக்கிறோமுங்க" என்றார்.